கட்டில் அகலத்தில் ஓர் ஓட்டை

எங்கள் ஊருக்கு மேலே, தரையிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர் உயரத்தில், ஓசோன் படலத்தில் இருந்த ஓட்டை ஃபிரிட்ஜ் மெக்கானிக்கான கேஸ்காரருக்குச் சொந்தமானது. அகலம் ஓர் இரட்டைக் கட்டில் அளவு. அவர் கடைத்தெருவுக்குப் போனால் அதுவும் கடைத்தெருவுக்கு மேலே வரும். அவர் பஸ் ஏறினால் பஸ்ஸின் வேகத்துக்கு ஓடும். அவர் டீ குடிக்க உட்கார்ந்தால் அவசரப்படாமல் காத்திருக்கும். "வானத்தை ஓட்டை போட்டவன் இந்த உலகத்துலயே நான் ஒருத்தன்தான்" என்று அவர் சொல்லுவார். பெருமைக்குச் சொல்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. விண்ணப்பப் படிவத்தில் ரத்த வகையை நிரப்புகிறவரின் முகத்தோடுதான் சொல்லுவார். கடைப் பலகையிலும் அப்படித்தான் எழுதியிருந்தது: குளிர்பதன வேலைகள், வானம் வரை அனுபவம்.

அந்த ஓட்டை வழியாக இறங்கும் வெயிலை ஊரில் எல்லோருக்கும் அடையாளம் தெரியும். கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. தரையில் கட்டில் வடிவத்தில் விழும், நடுவில் அவர் நிற்பார். மேகங்கள்கூட அந்த இடத்தில் மரியாதையாக விலகிக்கொள்ளும் என்பதால் மழைக்காலத்தில் அவருக்கு மொட்டைமாடிகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. அவர் ஐந்து நிமிடம் நின்றால் ஒரு வீட்டுத் துணி காயும், பத்து நிமிடம் நின்றால் மூட்டைப்பூச்சிகள் கட்டிலை விட்டுக் குடும்பத்தோடு வெளியேறும். செவ்வாய்க்கிழமைதோறும் பத்திலிருந்து பதினொன்று வரை நகராட்சி அவரைத் திறந்த குடிநீர்த் தொட்டியின் விளிம்பில் நிற்கவைத்தது. கிருமிகள் ஒழிந்து ஊரில் வயிற்றுப்போக்கே இல்லாமல் போனதால் சுகாதார ஆய்வாளர் வேலையில்லாமல் வேறு ஊருக்கு மாற்றப்பட்டார். ஒரு தேர்தலில், கேஸ்காரர் கடை வாசலில் ஒட்டிய வேட்பாளர் சுவரொட்டி இரண்டே நாளில் வெளுத்து, முகமெல்லாம் அழிந்து பல் மட்டும் மிஞ்சியது. வேட்பாளர் ஜெயித்தார். கேஸ்காரருடைய சட்டைகளும் மாதத்துக்கொன்று வெளுத்தன. அதனால் அவர் வெள்ளைச் சட்டையே வாங்க ஆரம்பித்தார். ஊர் அதை அரசியல் ஆசை என்று எடுத்துக்கொண்டது.

ஓட்டை ஒரே நாளில் விழுந்ததில்லை. இருபது வருஷ உழைப்பு. அவருடைய கடை ஒற்றை அறை. மேற்குச் சுவரில் உயரமாக ஒரு வென்டிலேட்டர். ரிப்பேருக்கு வந்த பழைய ஃபிரிட்ஜுகள் முதுகைக் காட்டிக்கொண்டு, ஊசிக்குக் காத்திருக்கும் நோயாளிகளைப்போல வரிசையாக நிற்கும். கம்ப்ரஸர் போய்விட்டால், குழாயைச் சூடு வைத்து ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே இருக்கிற பழைய கேஸை வெளியேற்றியாக வேண்டும். மற்ற மெக்கானிக்குகள் வேறெங்கோ பார்த்துக்கொண்டு குழாயை வெட்டிவிடுவார்கள். கேஸ்காரர் பண்பாளர். ஃபிரிட்ஜின் முதுகில் ஒரு கையை வைத்து, குழாயை மெல்ல வெட்டி, புஸ்ஸென்று கேஸ் கிளம்பும்போது "போய்ட்டு வா ராசா" என்று சொல்லி அனுப்புவார். ஒரு நாளைக்கு மூன்று ஃபிரிட்ஜ் என்றாலும் ஒரு தடவைகூடச் சொல்ல மறந்ததில்லை. வெளியேறும் கேஸ் சில்லென்று இருக்கும், பட்ட இடத்தில் வெள்ளையாக உறையும். அது எல்லாக் கடையிலும் நடப்பதுதான். இவர் கடையில் உறைந்தது மட்டும் காலடிகளாக உறைந்தது. கட்டைவிரல் நுனி அளவில் குதிகால், ஐந்து விரல், இடது, வலது, இடது, வலது என்று சுவரில் ஏறி வென்டிலேட்டர் வழியாக வெளியே போய்விடும். எல்லாக் கடையிலும் இப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

அவருடைய மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஊருக்கு வெளியே இருக்கிற வளிமண்டல ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தார். ஊர் அவரைப் பலூன் மேடம் என்றது. புதன்கிழமைதோறும் ஆள் உயரப் பலூன் ஒன்றில் ஒரு பெட்டியைக் கட்டி மேலே அனுப்புவார். பெட்டிக்குள் ஒரு குட்டி பம்ப்பும் ஒரு குப்பி அயோடைடு கரைசலும் இருக்கும். ஓசோன் அந்தக் கரைசலுக்குள் குமிழி விட்டால் கொஞ்சம் மின்சாரம் பிறக்கும், அதை எண்ணிக் கொள்வார். முப்பது கிலோமீட்டர் உயரத்தில் பலூன் வெடித்து, பெட்டி யாருடைய வயலிலாவது விழும். மேலே "பயப்பட வேண்டாம், இது வெறும் காற்று" என்று எழுதியிருக்கும். கேஸ்காரருக்கு இதைவிடப் பெரிய நகைச்சுவை உலகத்தில் கிடையாது.

"என்ன மேடம், எண்ணுறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா? காத்தைப் போய் எண்ணிக்கிட்டு."

"எல்லாக் காத்தையும் எண்ணல மாமா. பத்து லட்சத்துல எட்டை மட்டும்தான்."

"பத்து லட்சம் பேர் இருக்கிற ஊர்ல எட்டுப் பேர் கூடினா அதுக்குப் பேர் கூட்டமா? டீக்கடை பெஞ்சுகூட நிறையாதே!"

"அந்த எட்டுப் பேர் வரலைன்னா நீங்க வெயில்ல தலை காட்ட முடியாது மாமா" என்றார் பலூன் மேடம். கேஸ்காரர் விடவில்லை. தன்னுடைய கேஸ் காற்றைவிட நாலு மடங்கு கனம் என்றும், கனமான சாமான் தரையில்தான் கிடக்கும், அது எப்படி வானத்துக்குப் போய் ஓசோனைத் தின்னும் என்றும் கேட்டார். "குண்டா இருக்கிறவங்க மாடி ஏறுறதில்லையா? மெதுவா ஏறுவாங்க. அஞ்சு வருஷம் ஆகும், அவ்வளவுதான்" என்று பதில் வந்தது.

ஒருநாள் அவர் பலூன் மேடத்தின் பதிவேட்டை எடுத்துப் புரட்டினார். அட்டையில் "சுவடு வாயுக்கள், வாராந்திரப் பதிவு" என்று இருந்தது. சுவடு என்றால் காலடித்தடம்தானே, அதை எண்ண வாராவாரம் பலூன் விடணுமா, என் கடைச் சுவருக்கு வந்தால் ஏணி போட்டு எண்ணிக்கொள்ளலாமே என்றார். பலூன் மேடம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, இங்கே சுவடு என்றால் மிகக் கொஞ்சம் என்று பொருள் என விளக்கினார். கேஸ்காரரின் மனைவி அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊர் அவரைக் கமா அக்கா என்று அழைக்கும். அவர் தலையை நிமிர்த்தாமலேயே தீர்ப்புச் சொன்னார்: "சுவடுன்னா சுவடுதான். நீங்களா ஒரு அர்த்தம் வெச்சுக்கிட்டா அது உங்க பிரச்சினை." மறுநாள் பலூன் மேடம் ஸ்கேலோடு கடைக்குப் போனார். ஒவ்வோர் அடியும் ஒன்று புள்ளி எட்டு சென்டிமீட்டர். வலது கால் கொஞ்சம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. வரைபடத்தோடு அறிக்கை அனுப்பினார். நிலைய அதிகாரி சிவப்பு மையில் திருப்பி எழுதினார்: "சுவடு என்பது இங்கு உவமை. உவமைகளை அளக்க வேண்டாம்."

ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு புதன்கிழமைதான். கேலி செய்வதற்கென்றே நிலையத்துக்குப் போன கேஸ்காரர் பலூனுக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார். பலூன் ஏறியது. இருபத்திரண்டு கிலோமீட்டரில் ஓசோன் சட்டென்று பூஜ்யமாகியது. "மாமா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் பலூன் மேடம். அவர் நூறடி தள்ளி நின்றார். இரண்டாவது பலூனுக்கு ஓசோன் ஒழுங்காக இருந்தது. மூன்றாவது பலூனை அவர் நின்ற இடத்திலிருந்து விட்டார்கள். மறுபடியும் பூஜ்யம். அதுவரை கேஸ் வானத்துக்கே போகாது என்று சாதித்தவர், அன்று சாயங்காலத்துக்குள், வானத்தில் ஓட்டை போட என் கேஸை விட்டால் வேறு எந்த கேஸுக்குத் தெம்பு இருக்கிறது என்று சாதித்தார். பலகை எழுதுகிறவருக்கு அன்றே ஆள் போனது.

மேலே என்னதான் நடக்கிறது என்பதைப் பலூன் மேடம் சாப்பாட்டு மேசையில் ஒரு தடவை விளக்கினார், ஊர் அதை அப்படியே மனப்பாடம் செய்துகொண்டது. ஓசோன் என்பது மூன்று ஆக்ஸிஜன் கைகோத்து நிற்பது. கேஸ்காரர் அனுப்பிய கேஸ் வருஷக்கணக்கில் ஏறி அங்கே போனதும் கடும் வெயில் அதை உடைக்கும், உள்ளேயிருந்து குளோரின் வெளியே வரும். குளோரின் ஒரு கல்யாணத் தரகர். மூன்று பேர் நிற்கிற வீட்டுக்குப் போய் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வருவார், தனியாகத் திரிகிற ஓர் ஆக்ஸிஜனோடு ஜோடி சேர்ப்பார், கமிஷன்கூட வாங்காமல் அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். இப்படியே ஒரு லட்சம் வீடு. எப்போதாவது வழியில் மீத்தேனைப் பார்த்தால்தான் அவர் வேலையை விடுவார். பெயரிலேயே தேன் இருக்கிறது, தரகருக்கே கல்யாணம் ஆகிவிடும். ஆனால் அந்தக் குடித்தனமும் நிலையில்லை. கொஞ்ச நாளில் கோபித்துக்கொண்டு மறுபடியும் பையைத் தூக்கிவிடுவார். "அப்போ நான் இருபது வருஷமா தரகருங்களைத்தான் அனுப்பியிருக்கேனா?" என்று கேஸ்காரர் கேட்டார். அவர் குரலில் இருந்தது வருத்தமில்லை.

வெளியேறும் கேஸை இழுத்து சிலிண்டரில் அடைக்கும் மெஷின் ஒன்றை அரசாங்கம் அந்த வருஷமே எல்லா மெக்கானிக்குகளுக்கும் இலவசமாகக் கொடுத்தது. கைப்பிடி வைத்த சிவப்புப் பெட்டி. "ஏப்பத்தைப் பிடிச்சு டப்பாவுல போடுற மாதிரி" என்று சொல்லிக் கேஸ்காரர் அதன்மேல் ஒரு மெத்தையைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். நல்ல உயரம். எட்டு வருஷம் அதில் உட்கார்ந்துதான் குழாய்களை வெட்டினார்.

ஒன்பதாவது வருஷம், கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குள் கேஸ்காரர்தான் அவளை முதலில் வாங்கினார், மூன்று நாளும் கீழே வைக்கவில்லை. வீட்டுக்குப் புறப்பட்ட அன்று, வாசல் கூரையைத் தாண்டி ஓரடி வைத்ததும் கட்டில் வெயில் இருவர் மேலும் விழுந்தது. குழந்தையின் நெற்றி கண் மூடித் திறப்பதற்குள் சிவந்தது. அவள் அழுத அழுகையில் ஆம்புலன்ஸ்காரர் சைரனை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். கமா அக்கா பிடுங்காத குறையாக அவளை வாங்கி நிழலுக்குள் போனார். சிவப்பு சாயங்காலமே போய்விட்டது. ஆனால் அன்றிலிருந்து கேஸ்காரர் கூரைக்கு அடியில் மட்டும்தான் அப்பா. வெளியே போனால் எதிர்ச் சாரியில், பதினைந்தடி தள்ளி, பாதுகாப்புக்கு வந்த போலீஸ்காரரைப்போல நடந்து வருவார். குழந்தையைத் தையல்காரர் தூக்கிக்கொண்டு போனார், பஸ் கண்டக்டர் தூக்கினார், பேப்பர் போடுகிறவர் தூக்கினார். மாற்றலாகிப் போன சுகாதார ஆய்வாளர்கூட ஒரு நாள் லீவு போட்டு வந்து தூக்கிவிட்டுப் போனார். ஊரில் எல்லோர் தோளிலும் அவள் வெயில் காய்ந்தபடி தூங்கியிருக்கிறாள், அப்பா தோளைத் தவிர. டீக்கடையில் அவர் ஓட்டையைப் பற்றிப் பேசுவது மெல்ல மெல்லக் குறைந்தது. கடைக்காரர் காய்ச்சலா என்று விசாரித்தார்.

"இதை அடைக்க எவ்வளவு நாள் ஆகும் மேடம்?" அவர் கேலியில்லாமல் கேட்ட முதல் கேள்வி இது.

"இன்னிக்கே நிறுத்தினா, தானா மூடிக்க எழுபது வருஷம் மாமா."

"எழுபது வயசுல அவ என் தோள்ல உட்காருவாளா?"

"அவ உட்காருவா. தோள் இருக்கணுமே."

அவர் சிரிக்கவில்லை. தூக்கிக்கொண்டு நடக்கிற வயசு மூன்று, மிஞ்சினால் நாலு. அதற்குப் பிறகு எந்தக் குழந்தையும் இறங்கி ஓடத்தான் பார்க்கும். அவர் கையில் இருந்தது அவ்வளவுதான். அன்றிலிருந்து குழாய் வெட்டுவதை நிறுத்தினார். ஃபிரிட்ஜுகள் ரிப்பேராகாமல் கடையில் குவிந்தன, ஊர் பாலைக் காலையிலேயே குடித்துவிடப் பழகியது.

வழி கண்டுபிடித்தது கமா அக்கா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் திருத்த வேண்டிய தாள்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தவர், திடீரென்று கேட்டார்: "ஏங்க, அந்த கேஸையெல்லாம் அனுப்பும்போது என்ன சொல்லி அனுப்பினீங்க? போன்னா சொன்னீங்க?"

"சே. போன்னு யாராவது சொல்லுவாங்களா? போய்ட்டு வான்னுதான்."

"ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

கமா அக்கா பேனாவை மூடினார். "போய்ட்டு. வா. ரெண்டு வினை இருக்குங்க. அதுங்க ஒண்ணைத்தான் செஞ்சிருக்கு. இன்னொண்ணு பாக்கி."

பலூன் மேடம் வேதியியலில் இதற்கு இடமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். ஸ்கேல் வைத்து அளந்தது ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். "அப்புறம் ஏன் இத்தனை வருஷம் வரல?" என்று கேஸ்காரர் கேட்டார். "வந்தா உட்கார இடம் எங்க இருக்கு? இருக்கிற ஒரே இடத்துல நீங்கதான் உட்கார்ந்திருக்கீங்க" என்றார் கமா அக்கா.

மறுநாள் கேஸ்காரர் சிவப்புப் பெட்டியிலிருந்து எழுந்தார். மெத்தையை எடுத்தார். தூசு தட்டி, குழாயை மாட்டி, அதன் வாயை வென்டிலேட்டருக்குக் கீழே ஆணியடித்துத் தொங்கவிட்டார். மெஷினைப் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "வா ராசா" என்றார். ஒன்றும் வரவில்லை. பதினோரு நாள் ஒன்றும் வரவில்லை. பன்னிரண்டாவது நாள் மதியம் மூன்று மணிக்கு வென்டிலேட்டர் விளிம்பில் வெள்ளையாக ஓர் இடது கால் பதிந்தது. விரல்கள் கீழ்நோக்கி இருந்தன. கொஞ்சம் யோசித்து வலது காலும் பதிந்தது. தெரியாத வீட்டில் மாடிப்படி இறங்குகிறவரைப்போல ஒவ்வோர் அடியாகச் சுவரில் இறங்கி, குழாய்க்குள் நுழைந்தது. அளவுமானியின் முள் ஒரு மயிரிழை நகர்ந்தது. அன்றைக்கு ஏழு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் வரிசையே வந்தது. சில காலடிகள் வீங்கியிருந்தன. லட்சம் வீடு ஏறி இறங்கிய தரகர்களாக இருக்கும் என்று பலூன் மேடம் குறித்துக்கொண்டார்.

சிலிண்டர் நிறைந்ததும் அதை எரித்து அழிக்கிற ஆலையிலிருந்து மாதமொருமுறை லாரி வரும். லாரி கிளம்புகிற நேரத்தில் கமா அக்கா அச்சகத்தில் லீவு சொல்லிவிட்டு வந்து, கணவரின் வாயை உள்ளங்கையால் இறுக்கமாகப் பொத்திக்கொண்டு நிற்பார். பழக்கதோஷத்தில் அந்த வார்த்தை வெளியே வந்துவிட்டால் எல்லாம் திரும்பி வந்துவிடுமே.

ஓட்டை சுருங்குவது தெரிந்ததும் ஊரில் ஓட்டைப் பாதுகாப்புக் குழு ஒன்று தொடங்கப்பட்டது. துணி எங்கே காய்வது, தொட்டித் தண்ணீரை யார் பார்த்துக்கொள்வது, ஊருக்கென்று இருக்கிற ஒரே பெருமையைத் தனிமனிதர் அடைக்கலாமா என்று தீர்மானங்கள் போட்டார்கள். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். பிறகு கேஸ்காரரை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள். வாழ்நாளெல்லாம் மைக் இல்லாமலேயே பேசியவர் அவர். எல்லோரும் வசதியாக உட்கார்ந்தார்கள். "குழந்தையைத் தூக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிவிட்டார். முதலில் எழுந்தவர் தையல்காரர். "நியாயம்தானே. எத்தனை நாளைக்கு நானே தூக்குறது, தோள் விட்டுப்போச்சு" என்றார். குழு கலைந்தது. நகராட்சி குளோரின் வாங்கித் தொட்டியில் போட ஆரம்பித்தது. தரகருக்குக் கடைசியில் கீழேயே ஒரு நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று ஊர் திருப்திப்பட்டது.

இரட்டைக் கட்டில் ஒற்றைக் கட்டிலாகியது, பிறகு தலையணை, பிறகு சாப்பாட்டுத் தட்டு, பிறகு டம்ளர் மூடி. இரண்டரை வருஷம் முடிகிறபோது சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் அவர் உச்சந்தலையில் நின்றது. அதைத் தொப்பி மறைத்துக்கொண்டது. ஒரு புதன்கிழமை காலை பலூன் மேடம் இருபத்திரண்டு கிலோமீட்டர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "மாமா, எட்டுப் பேரும் வந்துட்டாங்க" என்றார். கேஸ்காரர் வாசலைத் தாண்டி ஓரடி வைத்தார். இன்னோர் அடி. பிறகு திரும்பி, கமா அக்காவிடமிருந்து மகளை வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நட்ட நடு வெயிலில் நின்றார். எல்லோரும் அவள் நெற்றியையே பார்த்தார்கள். நெற்றி நெற்றியாகவே இருந்தது. அவள் தொப்பியைத் தூக்கி அடியில் இருந்த வெளிச்சப் பொட்டைக் கிள்ளி எடுக்கப் பார்த்தாள், வராததால் அவர் காதைப் பிடித்துத் திருப்பினாள். அவர் அந்தப் பக்கம் நடந்தார். மற்றக் காதைத் திருகினால் இந்தப் பக்கம். சாயங்காலம் வரை ஊரிலிருந்த எல்லாத் தெருக்களிலும் நடந்தார்கள். துணி காயப்போட மாடியேறியவர்கள் அப்படியே கைதட்டினார்கள். அவர் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பலகையில் இருந்த வானத்தைக்கூட அடுத்த வாரம் அழித்துவிட்டார். இப்போது வெறும் "வரை அனுபவம்" என்று இருக்கிறது. கமா அக்கா அதைத் தினமும் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொள்கிறார்.

சுவரில் இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள், ஒரு நாளைக்கு நாலைந்து பேர். போன மாதம் பலூன் மேடம் கடைக்குப் போனபோது சிவப்புப் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. கேஸ்காரர் மர ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் ஒரு பள்ளிக்கூட நோட்டை வைத்து, சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டில் கட்டம் போட்டு தேதி, நேரம், இடது, வலது என்று இரண்டரை வருஷம் இருந்தது. அப்படி ஒரு நோட்டு இருப்பது கமா அக்காவுக்குக்கூடத் தெரியாது. கடைசிப் பக்கத்தில் புதிய வகை ஒன்று பதிவாகியிருந்தது: நீளம் பதினான்கு சென்டிமீட்டர், ஈரம், தரைவழி, தண்ணீர் வாளியிலிருந்து ஸ்டூல் வரை.

"மாமா, இது கேஸ் இல்ல. உங்க பொண்ணு."

"தெரியும் மேடம். சுவடுதானே."

"இதெல்லாமா எண்ணுவாங்க?"

"பேச்சுக் குடுக்காதீங்க, விட்டுப்போயிடும்" என்றார் கேஸ்காரர். வாளிக்குள் கால் விட்டு நின்றிருந்த மகள் அப்போதுதான் வெளியே ஓரடி வைத்தாள். அவர் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, இடது என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டார்.